‘பிரைட் 2’ பார்த்துவிட்டேன் என்று எழுதுபவர்களை நம்பி கார்டு நம்பர் கொடுக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பர் 22 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியான ‘பிரைட்’ படத்துக்கு இரண்டாம் பாகம் கிடையாது. 2018 ஜனவரியில் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள், 2022-இல் கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது, அத்தோடு சரி. ஆனால் “முதல் பாகத்தை விட மிரட்டல், முழுப்படம் இங்கே பார்த்தேன்” என்று ரசிகர் கருத்து போல எழுதி, கீழே ஒரு லிங்க்கும் வைத்திருக்கிறார்கள். அதை நம்பிப் போனவர்களின் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது.

இந்தப் படத்தை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மனிதரும், ஓர்க், எல்ஃப் என்ற கற்பனை இனங்களும் சேர்ந்து வாழும் லாஸ் ஏஞ்சல்ஸ், வார்ட் என்ற போலீஸாக வில் ஸ்மித்தும் ஜகோபி என்ற முதல் ஓர்க் போலீஸாக ஜோயல் எட்ஜெர்டனும் ஒரே ரோந்துக் காரில், நடுவில் ஒரு மந்திரக்கோல். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அவர்கள் பக்கம் முப்பது சதவீதத்துக்கும் கீழே, பார்வையாளர்கள் பக்கம் எண்பதுக்கும் மேலே. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் சுமார் 1.1 கோடிப் பேர் பார்த்ததாக, பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கு சொன்னது. ஆக, விரும்பிய கூட்டம் பெரியது, அடுத்த பாகத்துக்கு ஏங்குகிற கூட்டம். மோசடிக்காரனுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

நடப்பது இப்படி. ஒரு டிரெய்லர் வீடியோ வரும். வில் ஸ்மித்தின் வேறு படக் காட்சிகள், கணினியில் உருவாக்கிய முகங்கள், பின்னணியில் கனமான குரல். விவரப் பகுதியை முழுசாக விரித்தால் கடைசி வரியில் ‘கான்செப்ட்’, அதாவது கற்பனை டிரெய்லர், என்று போட்டிருக்கும். அதுவரை யாரும் விரிப்பதில்லை. கமெண்ட்டில் மேலே பின் செய்த ஒரு லிங்க், அதன் கீழே நாலைந்து பாராட்டு. லிங்க்கைத் தொட்டால் பிளேயர் மாதிரி ஒரு பக்கம் திறக்கும், ஸ்டூடியோ முத்திரை சில நொடி ஓடும், பிறகு நின்றுவிடும். “இலவசக் கணக்கு தொடங்குங்கள்” என்பார்கள். மின்னஞ்சல் கேட்பார்கள், பாஸ்வேர்ட் கேட்பார்கள், அடுத்து “வயதை உறுதிசெய்ய மட்டும்” என்று கார்டு விவரம். தொகை பூஜ்யம் என்றுதான் காட்டும். சில நாள் சோதனைக் காலம் முடிந்ததும் மாதச் சந்தா தொடங்கும் என்பது பக்கத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். படம் மட்டும் இருக்காது. சில இடங்களில் 2021-இல் வந்த ‘பிரைட்: சாமுராய் சோல்’ அனிமேயைப் பெயர் மாற்றிப் ‘பாகம் 2’ என்று ஓட்டுகிறார்கள். அது மெய்ஜி காலத்து ஜப்பானில் நடக்கும் தனிக்கதை. இந்த இரண்டு போலீஸும் அதில் இல்லை.

போலிக் கருத்தை அடையாளம் காண்பது கடினமில்லை, வாசித்துப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும். “விஎஃப்எக்ஸ் வேற லெவல், கிளைமாக்ஸ் கண்கலங்க வைத்தது” என்பதை எந்தப் படத்துக்கும் எழுதலாம். உண்மையாகப் பார்த்தவர் எதையாவது பிடித்துக்கொண்டு பேசுவார். முதல் பாகத்தைப் பிடித்தவர்கள் ஜகோபியின் அராவிய தந்தங்களைச் சொல்வார்கள், சொந்த இனமே அவனை ஒதுக்குவதைச் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் வார்ட் தன் வீட்டு வாசலில் துடைப்பத்தால் தேவதையை அடித்துக் கொல்லும் காட்சியை இழுப்பார்கள், இனவெறி உவமை மண்டையில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று எரிச்சல்படுவார்கள். பாராட்டோ திட்டோ, ஒரு காட்சியாவது இருக்கும். காட்சியே இல்லாத பாராட்டை ஒதுக்குங்கள்.

டவுன்லோட் லிங்க் இன்னும் மோசம். படத்துக்கு சப்டைட்டில் என்று சொல்லி ஃபைல் கொடுப்பார்கள். உண்மையான சப்டைட்டில் ஃபைல் வெறும் எழுத்து. எஸ்ஆர்டி என்று முடியும், நோட்பேடில் திறக்கும், அளவு சில நூறு கேபிக்குள் இருக்கும். சப்டைட்டில் என்று கொடுத்த ஜிப்புக்குள் இஎக்ஸ்இ என்று முடிகிற எதுவும் இருந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். செட்டிங்ஸில் போய் அதைத் தெரியும்படி மாற்றாவிட்டால், இறுதியில் இஎக்ஸ்இ ஒட்டிய ஃபைலும் எஸ்ஆர்டி போலவே தெரியும்.

ஏற்கனவே கார்டு கொடுத்துவிட்டவர்கள் அந்தத் தளத்தில் கணக்கை அழித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சந்தா கார்டோடு பதிவாகியிருக்கிறது, கணக்கு போனாலும் பணம் போகும். முதலில் அந்தப் பக்கத்தை முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வந்த மின்னஞ்சல்களை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியைக் கூப்பிட்டு மூன்றையும் கேளுங்கள்: கார்டை முடக்குவது, அந்த வணிகர் (அந்தத் தளம்) மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்வது, போன தொகைக்கு ஆட்சேபம் பதிவது. நடுவில் உள்ளதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்டு நிறுவனங்கள் புதிய கார்டு எண்ணைப் பழைய சந்தா வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் வசதி வைத்திருக்கின்றன. புதுக் கார்டு வந்த பிறகும் பணம் போவது இதனால்தான். அங்கே போட்ட பாஸ்வேர்டை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

நேர்மையான மதிப்பெண்களையும் தவறாகப் படித்து ஏமாறுகிறோம், அதையும் சொல்லவேண்டும். ராட்டன் டொமேட்டோஸின் பார்வையாளர் சதவீதம் சராசரி மதிப்பெண் கிடையாது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ கொடுத்த பார்வையாளர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. எல்லோரும் மூன்றரையே கொடுத்தாலும் நூறு வரும். 2019-இல் டிக்கெட் வாங்கியவரா என்று சரிபார்க்கும் முறை வந்தது. நேராக ஓடிடியில் வந்த படத்துக்கு டிக்கெட்டே இல்லாததால் அங்கே அந்தச் சோதனை பொருந்தாது. நெட்ஃப்ளிக்ஸ் காட்டிவந்த ‘மேட்ச்’ சதவீதமும் மற்றவர்களின் கருத்து இல்லை, உங்களுக்குப் பிடிக்குமா என்ற கணிப்பு மட்டுமே. படத் தகவல் தளமான ஐஎம்டிபியில் மொத்த மதிப்பெண்ணை விட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எத்தனை பேர் என்ற பட்டைகளைத் திறந்து பாருங்கள். இரு முனையும் வீங்கியிருந்தால் வந்து வாக்களித்தவை இரண்டு கோஷ்டிகள். நடுவில் ஐந்து, ஆறு, ஏழு கொடுத்தவர்கள் எழுதியதை வாசித்தால் படம் எப்படி என்று தெரியும்.

‘பிரைட்’டின் அடுத்த பாகம் என்றாவது உண்மையாகவே வந்தால் அதைக் கண்டுபிடிக்க லிங்க் தேவைப்படாது. நெட்ஃப்ளிக்ஸ் செயலியில் பெயரைத் தட்டினால் வரவேண்டும், வராவிட்டால் இல்லை. இதே வகையில் இன்னொரு பொறி, இறந்த போலீஸ்காரர்கள் கதையான ‘ஆர்.ஐ.பி.டி.’. அதற்கு 2022-இல் இரண்டாம் பாகம் உண்மையிலேயே வந்தது, ஆனால் 2013 படத்தில் நடித்த ரயன் ரெனால்ட்ஸும் ஜெஃப் பிரிட்ஜஸும் அதில் நடிக்கவில்லை. அவர்கள் முகத்தை ஒட்டி ‘பாகம் 2’ என்று போட்ட தம்ப்நெயில் எதைப் பார்த்தாலும் பெயர் மெய்தானே என்று உள்ளே போகாதீர்கள்.