பழைய பெட்ரோல் பிக்கப்பில் ரிச் மிக்ஸ்சர்: ஒரு ஷார்ஜா அனுபவம்

ஏசி மெயின்டனன்ஸ் வேலைக்காக ஷார்ஜாவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒன் டன் பிக்கப் இது. ஜப்பான் வண்டி, 1990களின் கடைசி மாடல், 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கார்ப்பரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வகை. வருடக்கணக்காக என்னிடம்தான் ஓடுகிறது. கம்ப்ரஸர், காப்பர் பைப், கேஸ் சிலிண்டர், ஏணி என்று எவ்வளவு ஏற்றினாலும் முனகாது. கியர்பாக்ஸும் லீஃப் ஸ்பிரிங்கும் இன்னும் கல் மாதிரி இருக்கின்றன. சீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், முதுகு ஒத்துக்கொள்ளாது.

இதில் நான் பட்ட ஒரே பெரிய பாடு பெட்ரோல். வாங்கிய புதிதில் நூறு கிலோமீட்டருக்கு 16 லிட்டர் போல இழுத்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் கறுப்புப் புகை, சைலன்சர் வாயில் விரலை விட்டால் மை. பிளக்கைக் கழற்றினால் நான்கிலும் காய்ந்த கரி. ஈரப்பிசுக்காக இருந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று சந்தேகப்படலாம். காய்ந்த கரி என்றால் காற்றோடு கலக்கும் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அதாவது மிக்ஸ்சர் ரிச் என்றுதான் பொருள். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தது இன்னொரு துப்பு. ஒரு இன்ஜெக்டர் மட்டும் ஒழுகினால் ஒரு பிளக் மட்டும்தான் கறுக்கும். எல்லாமே கறுத்தால் குற்றம் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கொஞ்சம் ஏறியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. அதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது. ஆயிலில் பெட்ரோல் கலந்தால் பேரிங்குக்கு வழுவழுப்பு போய்விடும்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். 98 ஆக்டேன் பெட்ரோல் அடி என்றார் ஒருவர். ஆக்டேன் என்பது, பெட்ரோல் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டும் நாக்கிங்கைத் தாங்கும் திறன், அவ்வளவுதான். அதைக் கூட்டினால் மிக்ஸ்சர் மாறாது, பில்தான் மாறும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும் என்றார் இன்னொருவர். கார்ப்பரேட்டர் வண்டியில் அது சரி; இன்ஜெக்ஷனில் உள்ளே வருகிற காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. ஃபில்டர் அடைத்தால் பவர் குறையும், இவ்வளவு கரி வராது. கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னவரும் உண்டு. ஸ்கிராப் யார்டில் சும்மாவா கொடுப்பார்கள்?

ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாம் என்றால் இந்த வண்டியில் அதற்கான சாக்கெட் கிடையாது. டயக்னாஸிஸ் பெட்டியில் இரண்டு பின்களை ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் செக் இன்ஜின் விளக்கு மின்னும், மின்னலை எண்ணிப் பழுதைக் குறிக்கும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். என் வண்டி ஒரு பழுது எண்ணும் இல்லை என்று சீராக மின்னியது. அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சென்சார் ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சென்சார் தப்பான அளவைச் சொன்னால், அந்த அளவு நடக்கக்கூடியதாக இருக்கும்வரை, அது அப்படியே நம்பிவிடும்.

முதலில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பியூயல் பிரஷர் ரெகுலேட்டரைப் பார்த்தேன். அதன் மேலிருக்கும் வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக இன்டேக்குக்குள் போகிறது. எனக்கு ஹோஸ் காய்ந்திருந்தது. கேஜ் வைத்ததில் ஹோஸ் கழற்றிய நிலையில் 3 பாரை ஒட்டி நின்றது, மாட்டினால் அரை பார் போல இறங்கியது. சரி, அது நல்லபடியாக இருக்கிறது. அப்புறம் இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். இந்த ஊர் வெயிலில் அது பிஸ்கட் மாதிரி வெடித்துவிடும். வேக்கம் கசிந்தால் இன்ஜின் பெரிய லோடில் இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி ஊற்றும். நுனியில் லேசாக வெடித்திருந்ததால் வெட்டிவிட்டு மாட்டினேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

வழி காட்டியது பெட்ரோல் கணக்குதான். ஏசி முழு வேகத்தில் ஓடும் ஆகஸ்டில் பெட்ரோல் கூடுதலாகவும், ஏசியே போடாத ஜனவரியில் குறைவாகவும் போக வேண்டும். என் வண்டிக்குத் தலைகீழ். குளிர்காலத்தில்தான் கொள்ளையடித்தது. கூடவே ஐடிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். டெம்பரேச்சர் முள் குளிர்காலத்தில் கால் பாகத்தைத் தாண்டாது. முன்னால் வைத்திருந்தவர் இதைக் குறையாகவே நினைக்கவில்லை, "சூடே ஆகாத இன்ஜின்" என்று பெருமையாகத்தான் விற்றார்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அதன் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் வழக்கமாகப் போகும் கராஜில் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இந்த ஊர்ச் சூட்டுக்கு அது எதுக்குண்ணே? பாதி வண்டியில கழட்டித்தான் விட்டிருப்பாங்க." கூலன்ட் தடையில்லாமல் ஓடினால் இன்ஜின் குளிரும் என்பது கணக்கு. ஆனால் என் வண்டியில் இருக்கிற மாதிரி, தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியையும் மூடுகிற இன்ஜின்களில் இது இரண்டு பக்கமும் கெடுதல். குளிரில் இன்ஜின் சூடேறாது. கோடையில் கூலன்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்து ஓவர்ஹீட்டுக்கும் வழி செய்யும்.

சூடேறாவிட்டால் பெட்ரோல் ஏன் கூடுகிறது? பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும், சூடேறியதும் நிறுத்தும். என் இன்ஜின் சூடேறவே இல்லை, அதனால் அது நிறுத்தவும் இல்லை. ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் புகையைப் பார்த்துக் கொஞ்சமாவது திருத்தும். என் வண்டியில் அதுவும் கிடையாது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கிடையாது. அதற்குப் பதிலாக ஐடில் மிக்ஸ்சரைக் கையால் திருப்பி வைக்கும் சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கிறது.

82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி, சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டுத் திறப்பதைப் பார்த்துவிட்டு, ஆடும் குட்டிப் பின் மேல்பக்கம் வருமாறு மாட்டினேன். முள் நடுவுக்கு வந்து நின்றது. புகை குறைந்தது, ஆனால் போகவில்லை. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார். ஒற்றை ஒயர் போவது முள்ளுக்கு, இரட்டை ஒயர் போவது கம்ப்யூட்டருக்கு. முள் சரியாக நின்றால் கம்ப்யூட்டருக்கும் சரியாகத் தெரிகிறது என்று அர்த்தமில்லை.

இரட்டை ஒயர் சென்சாரைக் கழற்றி அதே சட்டியில் தொங்கவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் போல இருக்க வேண்டும். என்னுடையது 80-இல் ஒரு கிலோ ஓமை ஒட்டி நின்றது. அதாவது கொதிக்கிற இன்ஜினையும் 45 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. புதிது வாங்கும் முன், சூடான இன்ஜினில் அந்த சாக்கெட்டில் ஒரு 330 ஓம் ரெசிஸ்டரைச் செருகிப் பார்த்தேன், கம்ப்யூட்டர் 80 டிகிரி என்று நம்புவதற்காக. கரிப்புகை நின்றது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். சோதனைக்கு மட்டும்தான், அதை வைத்து ஓட்டக் கூடாது. மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

புது சென்சார் போட்டதும் ஐடில் நடுங்க ஆரம்பித்தது. காரணம் வேடிக்கையானது. முன்பு யாரோ புகையை மறைக்க மிக்ஸ்சர் ஸ்குரூவை லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறையும் பக்கம், முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். கேஸ் அனலைசர் உள்ள கராஜில், இன்ஜின் நன்றாகச் சூடான பின், கார்பன் மோனாக்ஸைடு 1 முதல் 2 சதவீதத்துக்குள் வருமாறு வைத்தோம். இதைக் காதால் கேட்டு வைக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றினேன். பிளக் இப்போது வெளிர் பழுப்பு. பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் பக்கம் நிற்கிறது, குளிர்காலத்தில் இன்னும் குறைவு. தெர்மோஸ்டாட், கேஸ்கெட், சென்சார் மூன்றுக்கும் சேர்த்து ஒரு முழு டேங்க் பெட்ரோல் காசைத் தாண்டவில்லை. வருடாந்திர வாகனச் சோதனையான பாசிங்கில் புகையைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. குளிர்கால விடியற்காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் தெறிக்கும். அது நோயில்லை, பல பெட்ரோல் வண்டிகளிலும் வரும். வெள்ளை கந்தூரா (அரபு அங்கி) போட்டவர்கள் பின்னால் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.