ஒரே மோட்டார், இரண்டு கண்ட்ரோலர்: பாம்பன் பாலத்தில் மூன்றரை வருடம்

வீடு தங்கச்சிமடம், கடை மண்டபம். நடுவில் பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறந்த அந்தப் பாலத்தைத் தினமும் இரண்டு முறை மின்சார ஸ்கூட்டரில் கடக்கிறேன். 48 வோல்ட் வண்டி, பின்சக்கரத்துக்குள்ளேயே பிரஷ் இல்லாத மோட்டார். முதல் இரண்டு வருடம் வண்டியோடு வந்த சாதாரண கண்ட்ரோலர். ஒன்றரை வருடமாக எஃப்.ஓ.சி. (ஃபீல்ட் ஓரியன்டட் கன்ட்ரோல்) கண்ட்ரோலர். மோட்டாரும் பேட்டரியும் அதேதான்.

இந்த மோட்டாரில் காந்தம் சுற்றும், காயில் நிற்கும். எந்தக் காயிலுக்கு எப்போது கரன்ட் போக வேண்டும் என்பது கண்ட்ரோலரின் பொறுப்பு. பழையது ஆறு படி முறை. காந்தம் எங்கே இருக்கிறது என்று மூன்று ஹால் சென்சார்கள் சொல்லும். அதைப் பார்த்து மாஸ்ஃபெட் என்னும் ஆறு மின்னணு சுவிட்சுகள் மாறி மாறித் திறந்து மூடும். காயில்கள் மூன்று தொகுதியாக இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ். மூன்று ஃபேஸில் இரண்டில்தான் கரன்ட் ஓடும், மூன்றாவது சும்மா இருக்கும். படி மாறும் ஒவ்வொரு தடவையும் இழுவை சற்றே குறைந்து ஏறும். வேகத்தில் இது தெரியாது. ஆனால் கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்திருக்கிறதே, அங்கே கச்சான் காற்று முகத்தில் அடிக்க, பின்னால் ஐஸ் பெட்டியோடு மெதுவாக ஏறினால் ஹேண்டில்பாரே தடதடக்கும். ஒரு மாதிரி உறுமலும் கூடவே வரும்.

இரண்டாம் வருட ஐப்பசி மழையில் வண்டி பாலத்திலேயே உதறி நின்றுவிட்டது. பாம்பன் வரை தள்ளினேன். முதலில் காட்டிய கடையில், "மோட்டார் போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். மனசு கேட்கவில்லை. உச்சிப்புளியில் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, "தம்பி, சக்கரத்தக் கையால மெதுவாச் சுத்துங்க" என்றார். ஹால் சென்சார்களின் மஞ்சள் ஒயரிலும் பச்சை ஒயரிலும் 0, 5 வோல்ட் என்று மாறி மாறிக் காட்டியது. நீலம் மட்டும் 5-இலேயே நின்றது. கனெக்டரைப் பிரித்தால், அந்தப் பின் முழுக்கப் பச்சை பூத்து அரித்திருந்தது. மூன்று சென்சாரும் ஒரே நேரத்தில் 5 காட்டுவது நடக்கவே கூடாத நிலை. அது வந்தால் கண்ட்ரோலர் கரன்ட்டை நிறுத்திவிடும். உதறலுக்குக் காரணம் அதுதான். பின்னை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராகப் பற்றவைத்தார். மோட்டார் ஓடியது!

எப்படியும் பிரித்தாயிற்று, சரி என்று அப்போதே கண்ட்ரோலரையும் எஃப்.ஓ.சி.க்கு மாற்றினேன். சாதாரண கண்ட்ரோலரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு வெள்ளை ஒயர்களைச் சேர்த்தால் அது தானாகவே சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து ஒயர் வரிசையைக் கற்றுக்கொள்கிறது.

எஃப்.ஓ.சி. மூன்று ஃபேஸிலும் கரன்ட் செலுத்தும். ஓடும் கரன்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, கணக்குப் போட்டு இரண்டு கூறாகப் பிரிக்கும். ஒன்று காந்தம் பார்க்கும் திசையில், மற்றது அதற்குச் செங்குத்தாக. சக்கரத்தைச் சுழற்றுவது செங்குத்தாக உள்ள கூறு மட்டுமே, அதனால் முதல் கூறைப் பூஜ்யத்திலேயே வைத்திருக்கும். அதே ஏற்றம், அதே காற்று. இப்போது தடதடப்பே இல்லை. உறுமலும் போய், காற்றுச் சத்தம்தான் காதில் விழுகிறது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

சார்ஜ் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். நான் பார்த்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது சின்ன உதறல் இன்னும் உண்டு. சக்கரம் அசையும்வரை ஹால் சென்சார் மூன்றையும் வைத்து காந்தத்தின் இடத்தைத் தோராயமாகத்தான் அறிய முடியும். ஊருக்குள் சுமையில்லாமல் ஓட்டுபவருக்குப் பழைய முறையே போதும். மலிவு, பழுது பார்க்கவும் சுலபம்.

எந்தக் கண்ட்ரோலராக இருந்தாலும் நம் கடற்கரையில் உப்புக்காற்று கனெக்டரைத்தான் முதலில் தின்னும். மீதமிருந்த கனெக்டர்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் அடைத்து, மழைநீர் ஒயர் வழியே இறங்கி உள்ளே போகாதபடி ஒயரைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டியிருக்கிறேன். போன மாதம் பிரித்துப் பார்த்தேன். பின்களில் பச்சை இல்லை.