‘ஆர்.வி. அஞ்சறைப்பெட்டி’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்: என் 189 டாலர் போச்சு

அரிசோனாவில் வில்லியம்ஸ் ஊருக்குப் பக்கத்தில், வண்டி நிறுத்தும் முகாம் ஒன்றின் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருப்பது சாம்பார்ப்பொடி கொட்டிய போர்வை. இரண்டாவது தடவை போட்டிருக்கிறேன். மஞ்சள் கறை போகிற மாதிரி தெரியவில்லை. கோபம் ஆறட்டும், ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் ஊரில். பள்ளி விடுமுறை விட்டதும் 25 அடி ஆர்.வி. (அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து கிராண்ட் கேன்யன் போகலாம் என்று திட்டம். பத்து நாள் வெளிச் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கொள்ளாது, வண்டியிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஆனால் அந்தச் சமையலறையில் மசாலா சாமான்களுக்கு என்று கிடைப்பது ஒரே ஒரு தட்டு, அதுவும் என் கை நீளம்கூட இல்லை. வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் வளைவிலேயே கடுகும் சீரகமும் ஒன்றாகிவிடும். இந்தக் கவலையில் இருந்தபோதுதான் ஒரு வாட்ஸப் குழுவில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டில் அரைத்த பொடிகளை ஆன்லைனில் விற்கும் பெண். ‘ஆர்.வி. அஞ்சறைப்பெட்டி. 16 வகை, ஒவ்வொன்றும் 100 கிராம், காந்த டப்பாவில். 189 டாலர்.’

விலையைப் பார்த்துத் தயங்கினேன், பொய் சொல்லவில்லை. போன் போட்டுப் பேசினேன். அங்கேதான் விழுந்தேன்.

“எந்த ஊருக்கா நீங்க?” என்றாள். கோவில்பட்டி என்றேன். “அய்யோ அக்கா, எங்கம்மா சாத்தூரு!” அவ்வளவுதான். அரைமணி நேரம் சேவு, கடலைமிட்டாய், பங்குனித் திருவிழா. மிளகாய் ராமநாதபுரம் முண்டு, மஞ்சள் ஈரோடு, பெருங்காயம் மாவு கலக்காத கட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் மகளுக்கு எள் ஆகாது என்று இரண்டு தடவை சொன்னேன். “பாப்பாவுக்கு எள்ளே போடாம தனியா இடிச்சுத் தரேன்க்கா. என் பொண்ணு மாதிரிதான” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கிரெடிட் கார்டில் தரவா என்று கேட்டதற்கு, “கார்டுன்னா மூணு பர்சென்ட் போயிடும்க்கா, பேங்க்லேர்ந்து நேரா அனுப்பிடுங்க” என்றாள். அனுப்பினேன். 189 டாலர்.

மூன்று வாரம் முன்னால் சொன்ன சாமான், கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை, அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டோம்.

முதல் நாள் பார்ஸ்டோவில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோதுதான் திறந்தேன். பத்து டப்பா, ஆறு ஜிப் பை. டப்பா எந்த ஆர்.வி.யிலும் ஒட்டும் என்று சொல்லியிருந்தாள். ஆர்.வி.க்குள் சுவர் மெல்லிய பலகை, எங்கள் வண்டியில் பிரிட்ஜ் கதவும் பலகைதான். காந்தம் எதில் ஒட்டும்? அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கித் தகட்டில் மட்டும் ஒட்டியது. மசாலாவை வைக்கவே கூடாத இடம் அது. சூடும் ஆவியும் பட்டால் பொடி கட்டிபிடித்து வாசனை போய்விடும். வேறு வழியில்லாமல் அங்கேயே வைத்தேன். நீடில்ஸ் தாண்டி ஒரு மேடுபள்ளத்தில் நாலு டப்பா கீழே. மூடி திருகு மூடி இல்லை, சும்மா அழுத்தி வைப்பது. மிளகாய்த்தூள் பறந்து, ஏசி அதை வண்டி முழுக்கப் பரப்பி, நாங்கள் நாலு பேரும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி நின்று இருமினோம்.

மிச்சம் ஃபிளாக்ஸ்டாஃப் ஏறும்போது. அந்த ஊர் ஏறக்குறைய 7,000 அடி உயரம். சிப்ஸ் பாக்கெட் மலையில் உப்புமே, அதேபோல இந்த ஜிப் பைகளும் உப்பின. சாம்பார்ப்பொடிப் பை வாய் பிளந்து, மேல் அலமாரியிலிருந்து படுக்கையில் கொட்டியது. மெத்தையிலும் கறை. சுத்தம் செய்ய 150 டாலர் ஆகும் என்று வாடகைக்கு விட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் நியாயம். நான் அந்த 150ஐ இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நான் பேசுவது 189 டாலரைப் பற்றி மட்டும்.

சரி, மிஞ்சிய பொடியாவது உருப்படியா என்றால், அன்று ராத்திரி ரசம் வைத்தேன். கேன்யன் தெற்கு விளிம்பில் ஜூன் மாதத்திலும் ராத்திரி குளிர் நடுக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக ரொம்ப நேரம் பிடிக்கும். பாடுபட்டு வேகவைத்து, அவள் ரசப்பொடியைப் போட்டால் வெந்நீரில் மண் கரைத்த மாதிரி இருந்தது. மிளகு வாசனை இல்லை, சீரக வாசனை இல்லை. கட்டிப் பெருங்காயம் என்று சொன்னது மாவு கலந்த தூளாக வந்திருந்தது. மிளகாய்த்தூளில் ஒரு சிட்டிகையைத் தண்ணீர் தம்ளரில் தூவினேன், சிவப்பு கோடுகோடாக இறங்கியது. சாயம் போட்ட தூள் அப்படித்தான் இறங்கும். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. இவள் தூளில் முண்டு இருந்ததா என்பதுதான் என் சந்தேகம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் (வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் பயணமே கிடையாது) கொட்டாமல் இருந்த ஐந்து பையையும் சேர்த்து மாட்டினோம். அரைக் கிலோ காட்டவேண்டும். 280 கிராம்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். இட்லிப்பொடியைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக எள். முழு எள், தேடக்கூட வேண்டாம். மகள் தோசைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். என் கை நடுங்கிவிட்டது.

உடனே போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “வெளியூர்ல இருக்கேன்க்கா, வந்து பேசறேன்.” எள் படம் அனுப்பினேன். “அது எள் இல்லக்கா, உளுந்து நொய்.” எனக்கு எள் தெரியாதாம்! எடையைக் கேட்டால் “கூரியர்ல கசிஞ்சிருக்கும்.” வாசனையைக் கேட்டால் “கோவிட் வந்தவங்களுக்கு மூக்கு அப்படித்தான்க்கா ஆகிடுது.” கடைசியில் பெரிய மனசு பண்ணி, அடுத்த ஆர்டரில் 20 டாலர் தள்ளுபடி. அடுத்த ஆர்டராம். 189 டாலரைத் திருப்பிக் கொடு என்று எழுதினேன், அதோடு என்னை பிளாக் செய்துவிட்டாள். குழு அட்மினிடம் போனால், “வியாபார விஷயத்துல குழு தலையிடாதுங்க.” விளம்பரம் போடும்போது மட்டும் குழு தலையிடலாமா? பேங்கில் கேட்டேன், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

இந்தப் பயணத்தில் உருப்படியாக அமைந்தது ஒன்றுதான். சூப்பர் மார்க்கெட்டில் முழு மிளகும் முழுச் சீரகமும் வாங்கி, எவர்சில்வர் தம்ளர் அடியால் நசுக்கி மறுபடி ரசம் வைத்தேன். பத்து டாலர்கூட ஆகவில்லை. மகள் இரண்டு தம்ளர் குடித்தாள்.

ஆர்.வி.க்கு என்னென்ன எடுத்துப்போகலாம் என்று விரிவாக எழுதுகிறேன் எனத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். இப்போது பொறுமை இல்லை. முழுசாக மிளகு, சீரகம், கடுகு, வரமிளகாய். பொடியில் மஞ்சளும் சாம்பார்ப்பொடியும் போதும், திருகு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், அடுப்புக்கு எட்டாத கீழ்த் தட்டில். மலை ஏறுவதற்கு முன் பைகளைத் திறந்து காற்றை விட்டுவிடுங்கள். வீட்டில் செய்து விற்பவர்களிடம் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2013 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது, பதிவு எண்ணும் சேர்மானங்களும் லேபிளில் இருக்கவேண்டும். எள்ளும் 2023 ஜனவரி முதல் கட்டாயம் சொல்லவேண்டிய ஒவ்வாமைப் பொருள். எனக்கு வந்த பைகளில் லேபிளே இல்லை, ஸ்கெட்ச் பேனாவில் ‘இ.பொடி’ என்று எழுதியிருந்தது. பணத்தை கார்டில் மட்டும் கொடுங்கள்.

மெஷின் நின்றுவிட்டது. கறை அப்படியே இருக்கிறது. தோழி இப்போதுதான் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறாள். அதே பெண், அதே குழு: ‘ஜூலை 4 ஸ்பெஷல்! ஆர்.வி. அஞ்சறைப்பெட்டி, 199 டாலர் மட்டுமே.’