ஃபேன் சத்தம் என்று கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

மேசைக் கம்ப்யூட்டரில் ஃபேன் சத்தம் என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பில்லில் மூன்று வரிகள்: புது எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), புது கூலர் (ப்ராசஸர் என்கிற சிபியுவைக் குளிர்விக்கும் ஃபேன்), ஜெனரல் சர்வீஸ். பழைய சத்தம் அப்படியே இருந்தது. அதன் மேல் புதிதாக ஒரு இரைச்சலும் சேர்ந்திருந்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்ததை மட்டும் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை யாரிடம் வேண்டுமானாலும் செய்ய முடியும். கேபினெட் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் அவர்களுடைய தைரியம்.

முதலில் இருந்த சத்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலையில் ஆன் செய்தவுடன் 'கடகட'வென்று ஓர் உதறல். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும் தானாகக் குறைந்துவிடும். இந்தத் துறையில் கொஞ்சம் பழகியவர்களுக்கு இந்த ஒரு குறிப்பே போதும். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங், அதாவது ஃபேனின் அச்சு எண்ணெயில் சுழலும் சின்னக் குழாய். உள்ளே இருக்கும் எண்ணெய் வற்றித் தேய்ந்துவிட்டால், குளிர்ந்திருக்கும்போது ஆடும், சூடானதும் அடங்கும். கொடுக்கும்போது கவுண்டரில் இதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அங்கிருந்தவர் ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. "எஸ்எம்பிஎஸ் வீக் ஆயிருக்கு சார், அதான் லோடு தாங்காம ஃபேன் கத்துது. இப்படியே விட்டா மதர்போர்டையும் அடிச்சிடும்" என்றார். போர்டு போய்விடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், உள்ளே முக்கியமான வேலைகளை வைத்திருக்கும் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்ததும் விமானம் கிளம்புவதுபோல ஓர் இரைச்சல், நிற்கவே இல்லை. எந்த வேலையும் செய்யாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே வேகம். போன் செய்து கேட்டதற்கு, "புது ஃபேன் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. ஆகாது. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் யாரோ அதை முழு வேகத்தில் ஓடும்படி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேகம் இரண்டு மடங்கானால் ஃபேன் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரு மடங்காகக் கேட்கும். எத்தனை நாள் ஓட்டினாலும் அது குறையாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று அச்சடித்த இடத்தில் நான்கு முள்ளும் காலியாக நின்றன. பழைய கூலரில் இருந்தது நான்கு ஒயர் ஃபேன். அந்த நான்காவது ஒயர் வழியாகத்தான் மதர்போர்டு வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மூன்றாவது ஒயர் ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று போர்டுக்குச் சொல்லும். அதைக் கழற்றிவிட்டு இவர்கள் மாட்டியிருந்தது சிவப்பும் கறுப்புமாக இரண்டே ஒயர் உள்ள ஃபேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய மோலெக்ஸ் பிளக்கில் நேராகச் செருகியிருந்தார்கள். 12 வோல்ட் நேராக வரும், எப்போதும் உச்ச வேகம்.

இதோடு விட்டிருந்தால் மட்டமான வேலை என்று மட்டும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த முள் காலியாக இருந்தால் பல போர்டுகள் ஆன் ஆகும்போதே 'சிபியு ஃபேன் எரர்' என்று காட்டி நின்றுவிடும். என்னுடையதும் அந்த வகைதான். அப்படி நிற்கவில்லையே என்று பயாஸுக்குள் (போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) போய்ப் பார்த்தால், அந்த எச்சரிக்கையை 'இக்னோர்' என்று மாற்றி வைத்திருந்தார்கள். அதாவது அந்த எரர் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. சரிசெய்யாமல் அதன் வாயை அடைத்துவிட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு அந்த ஃபேன் நின்றுபோனால் போர்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாது. இன்றைய ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். அதனால் உடனே கருகிவிடாது, உண்மைதான். ஆனால் பாதி வேலையில் அணைந்துபோகும் கம்ப்யூட்டருக்குக் காரணம் தேடி மறுபடி அதே கடைக்குத்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

கூலரைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தேன். நான்கு மூலையில் ஒன்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்திப் பூட்டும் கால்கள் உள்ள கூலர் அது. ஒரு கால் பூட்டாவிட்டால் அந்தப் பக்கம் ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) ப்ராசஸர் மேல் சரியாகப் படியாது, இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

சரி, முதல் சத்தம் எங்கிருந்து வந்தது? கூலர் ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஆன் செய்தேன். இரைச்சல் போய், அதன் அடியில் ஒளிந்திருந்த பழைய 'கடகட' தெளிவாகக் கேட்டது. கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேனின் நடுவில், ஸ்டிக்கர் ஒட்டிய வட்டத்தில், விரல் நுனியை மெதுவாக வைத்தேன். ஃபேன் நின்றது, சத்தமும் நின்றது. விரலை எடுத்ததும் மறுபடி வந்தது. அவ்வளவுதான் சோதனை. இறக்கைகளில் விரல் படக் கூடாது, நடுவட்டத்தில் மட்டும். எஸ்எம்பிஎஸ் ஃபேனில் இதைச் செய்யவே கூடாது, அதன் பெட்டியைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்தப் பின்பக்க ஃபேன் கேபினெட்டிலேயே மலிவான உதிரிப்பாகங்களில் ஒன்று. நான்கு ஸ்க்ரூ, ஒரு ஒயர். அதை விட்டுவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் அமைதியாக ஓடிய கூலரையும் எடுத்துவிட்டார்கள். பழைய பொருள் எங்கே என்று நேரில் போய்க் கேட்டேன். "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார்" என்றார்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் பில்லில் கழிவு இருக்க வேண்டுமே என்றதற்குப் பதில் இல்லை. காலி முள்ளையும் பயாஸ் திரையையும் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகு கூலருக்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். எஸ்எம்பிஎஸ் பழுது என்பதற்கு எந்தச் சோதனை செய்தீர்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்போது நான்கு ஒயர் கூலர் ஒன்றை மாட்டி, பின்பக்க ஃபேனையும் மாற்றிவிட்டேன். பயாஸில் எச்சரிக்கையைத் திரும்ப ஆன் செய்து, சூட்டுக்கு ஏற்ப வேகம் மாறும்படி வைத்திருக்கிறேன். இரவில் ஆன் செய்திருக்கிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் கொடுக்கும் நிலையில் இருந்தால், முதலில் அந்தச் சத்தத்தை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தையும் படம் எடுங்கள், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் தெரியும்படி. எந்த ஃபேன் என்று கண் முன்னால் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் பொருளை விட்டுவிட்டு வர வேண்டாம். கழற்றுவதெல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு வரும் சத்தம் என்றால் அது ஃபேனாக இல்லாமல் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அப்போது கடைக்கு ஓடுவதற்கு முன் ஃபைல்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

சமீபத்தில் கூலர் மாற்றிக்கொண்டவர்கள் இன்றைக்கே பயாஸைத் திறந்து சிபியு ஃபேன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ற வரியைப் பாருங்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அங்கே 0 என்றோ 'என்ஏ' என்றோ இருந்தால், மூடியைத் திறந்து அந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள்.