கல்லீரலில் கொழுப்பு: ஹெபடைடிஸ் சி-யா, பி-யா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஸ்கேன் எடுத்து, ‘ஃபேட்டி லிவர்’ என்று ரிப்போர்ட் வந்தால் பலரும் எண்ணெயைக் குறைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி, சி என்ற மஞ்சள் காமாலை வைரஸ்களில் ஒன்றும் காரணமாக இருக்கலாம்.

சி வைரஸ் கொழுப்பை நம்பியே பிழைக்கிறது. செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளியின் மேல் அதன் ‘கோர்’ புரதம் ஒட்டிக்கொள்ள, அங்கேதான் புது வைரஸ்கள் உருவாகின்றன. கொழுப்பை ரத்தத்துக்கு ஏற்றி அனுப்பும் வேலையையும் அது தடுக்கிறது. அதனால் கல்லீரலில் கொழுப்பு தேங்கும். ரத்தத்தில் எல்டிஎல் எனும் ‘கெட்ட கொழுப்பு’ குறையும். எல்டிஎல் குறைவு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தியாவில் அதிகம் காணப்படும் சி வைரஸின் மூன்றாம் மரபு வகையில் இந்தக் கொழுப்புத் தேக்கம் மிகவும் தெளிவு. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் என்ற வைரஸ் மருந்துகளை 12 வாரம் எடுத்து வைரஸ் ஒழிந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும், எல்டிஎல் ஏறும். பான்டோபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும். டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பி வைரஸ் அப்படியில்லை. ஆய்வகத்தில் அதன் எக்ஸ் புரதம் கொழுப்பு உற்பத்தியைத் தூண்டினாலும், நோயாளிகளிடம் கொழுப்பு சேர உடல் எடையும் சர்க்கரையுமே பெரும்பாலும் காரணம். ஆகவே பி-க்கான டெனோஃபோவிர் மருந்து வைரஸை அடக்கும், கொழுப்பைக் கரைக்காது. எடையைத் தனியாகக் குறைக்க வேண்டும்.

பி-யைக் கண்டறியும் ஹெச்பிஎஸ்ஏஜி, சி-யைக் கண்டறியும் ஆன்டி-ஹெச்சிவி ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் ஒரே ரத்தத்தில் பாருங்கள். பி இருப்பது தெரியாமல் சி-க்கு மட்டும் மருந்து கொடுத்தால், அடங்கியிருந்த பி மீண்டும் கிளம்பக்கூடும்.