பிளக், ஸ்கேனர், புகைச் சோதனை: ரிச்சாக ஓடும் இன்ஜினில் எது சொல்வதை நம்புவது?

சைலன்ஸர் பக்கம் போனால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கருப்புப் புகை வருகிறது. டேங்க் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறது, நின்றபடி இன்ஜின் ஓடும்போது, அதாவது ஐடிலில், வண்டி குலுங்குகிறது. மெக்கானிக்குகள் இதை ‘ரிச்சா ஓடுது’ என்பார்கள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கில் பெட்ரோல் கூடிவிட்டது என்பதை மூக்கே சொல்லிவிடும். எதனால் கூடியது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

சிலர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். சிலர் வண்டியின் கணினி சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவார்கள். புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் கேஸ் அனலைசர் இருக்கும் இடத்தில் அதன் குழாயைச் சைலன்ஸருக்குள் விடுவார்கள். இன்னும் சிலர் எதையும் பார்க்காமல், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் ஸ்கேனரைத்தான் எடுப்பேன். ஆனால் ஸ்கேனர் ஒன்று சொல்லி, பிளக்கோ புகையோ வேறொன்று சொன்னால், அந்த முரண்பாட்டில்தான் பல நேரம் கோளாறு இருக்கும்.

பிளக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்

பிளக் ஸ்பானர் ஒன்று இருந்தால் போதும், வேறு கருவி வேண்டாம். நுனியில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் ஆயில் எரிகிறது, அது வேறு வியாதி. பிளக்குக்கு மட்டுமே உள்ள பலம் ஒன்று உண்டு. எந்தச் சிலிண்டர் என்று விரல் நீட்டிக் காட்டும். நான்கும் கருப்பாக இருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. ஒன்று மட்டும் கருப்பு என்றால், அங்கே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, இல்லாவிட்டால் அங்கே தீப்பொறி சரியில்லை. சிலிண்டர் வரிசைக்கு ஒரு ஆக்சிஜன் சென்சார் மட்டுமே உள்ள இன்ஜினில் ஸ்கேனர் இதை இவ்வளவு நேராகக் காட்டாது.

ஆனால் பிளக் சொல்வது பழைய கதை. குளிர்ந்த இன்ஜினில் குட்டிக் குட்டித் தூரமாகவே ஓட்டும் வண்டியிலும், நிறைய நேரம் ஐடிலில் நிற்கும் வண்டியிலும் கோளாறே இல்லாமல் கரி படியும். அதனால் பிளக் பார்க்கும்போதே ஆயில் டிப்ஸ்டிக்கையும் உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால், விஷயம் முற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்கேனரில் கோடு மட்டும் படிப்பவர்களுக்கு

பெரும்பாலானவர்கள் ஸ்கேனரைச் செருகி, பி0172 என்ற கோடை, அதாவது கோளாறு எண்ணை, பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு வரிசைச் சிலிண்டர் உள்ள இன்ஜினில் மற்ற வரிசைக்கு பி0175. ‘கலவை ரிச்’ என்பதைத் தவிர இந்தக் கோடு எதையும் சொல்லாது. அதைக்கூட ஆக்சிஜன் சென்சார் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறது. இதை மறந்துவிட்டால் பின்னால் சொல்லப்போகும் பொறியில் விழ வேண்டியதுதான்.

ஸ்கேனரின் உண்மையான பயன் ஃப்யூயல் டிரிம்மில் இருக்கிறது. கணினி தன் கணக்கில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிறகு ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அந்தத் திருத்தம்தான் டிரிம். அப்போதைக்குச் செய்யும் ஷார்ட் டெர்ம், நாள்பட்டு மனதில் வைத்திருக்கும் லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு மேலேயோ கீழேயோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. மைனஸ் 20, மைனஸ் 25 என்று போனால், கணினி குறைத்துக் குறைத்துப் பார்த்தும் பெட்ரோல் அடங்கவில்லை.

இப்போது அதே எண்ணை ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஐடிலில் மைனஸ் 20 இருந்து, ஆர்பிஎம் ஏறியதும் பூஜ்ஜியத்தை நெருங்கினால், எங்கிருந்தோ ஒரே அளவில் பெட்ரோல் கசிந்து உள்ளே போகிறது. ஐடிலில் காற்று கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும். காற்று அதிகமானதும் அதில் கரைந்துவிடும். டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரின் டயாஃபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். பர்ஜ் வால்விலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸை நசுக்கிப் பிடித்துப் பாருங்கள். டிரிம் உடனே ஏறினால் ஆள் அகப்பட்டான். ரெகுலேட்டரில் வேக்குவம் ஹோஸ் இருந்தால் அதைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கவே கூடாது.

இரண்டு வேகத்திலும் டிரிம் ஒரே மாதிரி மைனஸில் இருந்தால் வேறு இடம் தேட வேண்டும். பெட்ரோல் பிரஷர் அதிகமாக இருக்கலாம், அல்லது காற்றை அளக்கும் சென்சார் கூட்டிச் சொல்லலாம். காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் ஒரு சுலபமான சோதனை உண்டு. சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஓட்டாமல் பார்த்தால் கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் அதன் வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஹோஸில் விரிசல் விட்டால் இன்ஜின் பெரிய பாரம் இழுக்கிறது என்று கணினி நினைத்துப் பெட்ரோலை ஊற்றும்.

ஏர் ஃபில்டர் அடைத்ததால்தான் ரிச் என்று இன்றும் சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் விடுவதால், ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், கலவை அவ்வளவாக மாறாது.

டிரிம் பொய் சொல்லும் இடம்

பிளக் நான்கும் கருப்பு, புகையும் கருப்பு, ஆனால் டிரிம் பிளஸ் 20. ஸ்கேனரை மட்டும் நம்பினால் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று பம்பைத் தேடிப் போவீர்கள். நடப்பது வேறு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ‘லீன்’, அதாவது பெட்ரோல் குறைவு, என்கிறது. கணினி நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலும், அதாவது அதில் பெட்ரோல் எரியாமல் போனாலும், இதே கதைதான், எரியாத காற்று அப்படியே சென்சாரிடம் வந்துவிடும்.

இதன் தலைகீழும் உண்டு. பி0172 வருகிறது, டிரிம் மைனஸ் 20, ஆனால் கருப்புப் புகையும் இல்லை, வாடையும் இல்லை, வண்டி திணறுகிறது. சாதாரண ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது கெட்டோ, வயரில் வேறு மின்சாரம் கலந்தோ 0.9லேயே நின்றுவிட்டால், கணினி வீணாகப் பெட்ரோலைக் குறைக்கிறது. இன்ஜின் உண்மையில் லீன்.

மூன்றாவது வகை: வாடை பலமாக இருக்கிறது, டிரிம் பூஜ்ஜியத்தில் அசையாமல் நிற்கிறது. கணினி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்கவே இல்லை, ஓப்பன் லூப்பில் ஓடுகிறது. உடனே கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய வண்டி மைனஸ் 40 டிகிரி காட்டினால் சென்சாரின் வயர் விட்டுப்போயிருக்கிறது. சாதாரணக் குளிர்ச்சியாகவே காட்டினால் சென்சாரோ, திறந்தபடி நின்றுபோன தெர்மோஸ்டாட்டோ காரணம். இந்தச் சென்சார் பலவற்றில் அறை வெப்பத்தில் 2000 முதல் 3000 ஓம் வரையும், இன்ஜின் சூடானதும் 200 முதல் 300 ஓம் வரையும் காட்டும். மல்டிமீட்டர் போதும்.

கேஸ் அனலைசர் எங்கே கை கொடுக்கும்

மேலே சொன்ன தகராறுகளில் நடுவராக நிற்பது அனலைசர்தான். அது வண்டியின் சென்சாரை நம்பி இருப்பதில்லை. கார்பன் மோனாக்சைடு அதிகம், ஆக்சிஜன் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் சந்தேகமில்லாமல் ரிச். கார்பன் மோனாக்சைடும் அதிகம், ஆக்சிஜனும் அதிகம் என்றால் குழாயில் விரிசலையோ மிஸ்ஃபயரையோ தேடுங்கள். கார்பன் மோனாக்சைடு பூஜ்ஜியம், கோடு மட்டும் பி0172 என்றால் ஆக்சிஜன் சென்சாரையும் அதன் வயரையும் சந்தேகிக்கலாம்.

குறை என்னவென்றால், எந்தச் சிலிண்டர், எந்த வால்வு என்று அது சொல்லாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் லேசான கோளாறை மறைத்தும்விடும். வீட்டில் வைத்திருக்கும் கருவியும் இல்லை. அதனால் பிளக்கும் டிரிம்மும் ஒத்துப்போகும் வண்டிக்கு இது தேவையே இல்லை, முரண்பட்டால் மட்டும் தேடிப் போங்கள்.

பெட்ரோல் பிரஷரை அளக்கும் கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஜினை அணைத்த பிறகு பிரஷர் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிகிறது, இன்ஜெக்டரும் அதில் சேர்த்தி. கேஜ் மாட்டும்போது பெட்ரோல் பீறிடும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

சென்சாரை மாற்றிப் பார்ப்பது

இதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. என் வண்டியில் பி0172 வந்தபோது, முதலில் பார்த்தவர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். சில நாளில் கோடு திரும்ப வந்தது. டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆக வண்டி அடம்பிடிப்பதை அப்புறம்தான் கவனித்தேன். பர்ஜ் வால்வு மூடாமல் நின்றிருந்தது. பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் ஸ்கேனருக்கு வேலையில்லை. சோக் முழுசாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் சரியா, நீடில் வால்வு ஒழுகுகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் வழி. பிளக் அங்கே ராஜா.

கோளாறைச் சரிசெய்த பிறகும் டிரிம் மைனஸிலேயே நின்றால் பயப்பட வேண்டாம். ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவியாகி, பிசிவி வால்வு வழியாக இன்டேக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆயிலை மாற்றுங்கள், பழைய டிரிம்மை ஸ்கேனரில் அழியுங்கள், இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி கொஞ்சம் தூரம் ஓட்டுங்கள். மறுநாள் ஐடிலிலும் 2500லும் இன்னொரு தடவை எண்ணைப் பாருங்கள்.