பச்சைப் பாதையும் இரண்டு கார்களும்

நெதர்லாந்தின் உட்ரெக்டில் பத்து வருடமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஊரிலும் வாடகைச் சைக்கிள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், விடுமுறைக்கு வந்திருக்கும் இந்த மூன்று வாரமும் யாரிடமும் வண்டி கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் தடை போனிலேயே வந்தது. செயலி உள்ளூர் எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்புமாம். என்னுடையதோ வெளிநாட்டு சிம். அக்கா எண்ணில் பதிந்து, அவள் வீட்டிலிருந்து வாசிக்க வாசிக்க நான் ஸ்டாண்டில் நின்று தட்டினேன். பூட்டு திறந்தது. சீட்டை உயர்த்தும் பிடி துருவேறி அசையவே இல்லை. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க மிதித்தேன். செயின் மட்டும் வெண்ணெய் மாதிரி ஓடியது.

சாலையோரம் பச்சை வண்ணம் அடித்த சைக்கிள் பாதை. ஐம்பது அடி போவதற்குள் குறுக்கே ஒரு கார். இறங்கி, வண்டிகளுக்கு நடுவே நுழைந்து மறுபடி ஏறினால் அடுத்த கார். சிக்னலுக்குச் சற்று முன்னால் பச்சையே காணாமல் போய்விட்டது. திரும்புகிற வண்டியிடம் சைக்கிள்காரர் சிக்கி அடிபடுவது சந்திப்பில்தான். அங்கே கொண்டுபோய்க் கைவிடுகிற பாதையை யாருக்காகப் போட்டார்களோ!

உட்ரெக்டும் பிறந்ததிலிருந்தே சைக்கிள் ஊராக இல்லை. 1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தலாம், முதல் 24 மணி நேரம் இலவசம். ஸ்பெயினின் செவில் நகரம் வண்டிகள் நுழையாதபடி தடுப்பு வைத்த சைக்கிள் பாதைகளைச் சில ஆண்டுகளிலேயே அறுபடாமல் இணைத்தது. சைக்கிளை அபூர்வமாகப் பார்த்த ஊரில் ஓட்டுகிறவர்கள் பல மடங்கானார்கள். ஒரு டப்பா பெயிண்டில் அது நடக்காது.

திருப்பி விடப் போனால் ஸ்டாண்டு முழுக்க மோட்டார் சைக்கிள்கள். இரண்டை நகர்த்தி இடம் பிடிக்கும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருந்தது. உதவி எண்ணில் பேசியவர் தன்மையானவர், அந்த நிமிடங்களைக் கழித்துவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பன்னிரண்டு வயது அக்கா மகள் பிடித்துக்கொண்டாள். “மாமா, நானும் ஸ்கூலுக்குச் சைக்கிள்ல போகட்டுமா?”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“சிக்னல் வரைக்கும் ஓட்டு,” என்றாள் அக்கா. “அங்க இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ.”